வீட்டிலேயே குழந்தைக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத்து பழகத் தொடங்கும் குழந்தைகளின் அப்பா அம்மாக்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை மூன்றிலிருந்து ஏழு வயதுக் குழந்தைகளைப் பற்றியவை. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்: காது முதலில், கண் அடுத்து, கை கடைசியில். வீட்டில் பலரும் நேராகப் பென்சிலில் தொடங்கிவிடுகிறார்கள், பாதிச் சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

1. “பையனுக்கு மூணு வயசு முடிஞ்சிடுச்சு. எழுத வைக்க ஆரம்பிக்கலாமா?”

எழுத வைக்க வேண்டாம், கேட்க வைக்கலாம். அந்த வயதில் விரல்கள் பென்சிலை அடக்கி ஆளும் அளவுக்குத் தேறியிருக்காது. காது மட்டும் நன்றாகவே தயாராக இருக்கும். சொற்களைக் கை தட்டி உடைத்துப் பாருங்கள்: ‘வண்-டி’ இரண்டு தட்டு, ‘பட்-டாம்-பூச்-சி’ நான்கு தட்டு. ‘ம’வில் தொடங்கும் பொருளாக வீட்டில் தேடச் சொல்லுங்கள். ‘பல், கல், வில்’ என்று ஒரே மாதிரி முடியும் சொற்களை அடுக்குங்கள். ‘படகு’ல ‘ப’வை எடுத்துட்டா என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். ‘டகு’ என்று சொல்லிவிட்டுச் சிரிக்கும் குழந்தை, சொல் என்பது துண்டுகளால் ஆனது என்பதைப் புரிந்துகொண்டுவிட்டது. பின்னால் படிப்பதற்கு அதுதான் அடிப்படை.

கைக்கு வேறு வேலை கொடுங்கள். ஏறத்தாழ இரண்டு வயதில் நெட்டுக்கோடு, மூன்றில் வட்டம், நான்கில் கூட்டல்குறி, அதன் பிறகு சதுரம், ஐந்தை ஒட்டி முக்கோணம் என்ற வரிசையில்தான் குழந்தைகளின் கை வளர்கிறது. சில மாதங்கள் முன்பின் ஆகலாம். கூட்டல்குறியே போட வராத கையிடம் ‘இ’யையும் ‘ஐ’யையும் கேட்டால் அழுகைதான் வரும்.

2. “அ, ஆ, இ, ஈ எல்லாம் கடகடன்னு சொல்றா. நடுவுல ஒண்ணைக் காட்டினா முழிக்கிறா. ஏன்?”

அவள் பாட்டு ஒன்றை மனப்பாடம் செய்திருக்கிறாள், எழுத்துகளை இன்னும் கற்கவில்லை. இது குறையில்லை, எல்லாக் குழந்தைகளும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். ‘ஊ’வைக் காட்டியதும் மனசுக்குள் ‘அ, ஆ, இ...’ என்று ஓடிவந்து பிடிக்கிறாள் என்றால், எழுத்தின் உருவமும் ஒலியும் அவளுக்குள் நேரடியாக இணையவில்லை என்று பொருள்.

வரிசையைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஒரு நேரத்தில் நான்கு எழுத்து அட்டைகள் போதும். கலைத்துப் போட்டு, “எனக்கு ‘ப’ வேணும்” என்று கேளுங்கள். எடுத்துத் தருவது எளிது. அட்டையைக் காட்டி “இது என்ன?” என்று கேட்பது கடினம். எளிதானது முதலில், கடினமானது சில நாள் கழித்து. அகர வரிசை அகராதி பார்க்கும் வயதில் தேவைப்படும், அதற்குள் தானாகவே வந்துவிடும்.

3. “247 எழுத்தையும் மனப்பாடம் செஞ்சாத்தான் படிக்க முடியுமா?”

இல்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று கூட்டினால் 247 வருவது உண்மைதான். ஆனால் 216 உயிர்மெய்யும் 216 தனி உருவங்கள் இல்லை. அ, ஆ முதலான 12, க முதல் ன வரை 18, ஃ, புள்ளி, ஆ-காரம் தொடங்கி ஔ-காரம் வரை 11 குறிகள். இவ்வளவுதான் கற்க வேண்டியது. ‘கா’ தெரிந்து ‘ம’ தெரிந்த குழந்தை, ‘மா’வை யாரும் சொல்லித்தராமலே படித்துவிடும், படிக்கவும் வேண்டும். உகர, ஊகார வரிசைகள்தான் முரண்டு பிடிக்கும், அதை ஆறாவது பதிலில் பார்ப்போம்.

சுவரில் ஒட்டும் பெரிய அட்டவணையில் ஙி, ஙீ, ஙு என்று ஒரு வரிசை முழுக்க இருக்கும். ‘அங்ஙனம்’ போன்ற ஓரிரு பழைய சொற்களை விட்டால் நாம் பார்ப்பது ‘ங்’ மட்டும்தான், அதுவும் ‘க’ வரிசைக்கு முன்னால். அந்த வரிசையை ஒப்பிக்க வைத்து ஒரு வாரத்தை வீணாக்காதீர்கள்.

4. “அப்போ எந்த எழுத்துல தொடங்குறது? ‘அ’வுல இருந்துதானே?”

‘அ’ எழுதுவதற்குக் கடினமான எழுத்துகளில் ஒன்று. சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நெட்டுக்கோடு எல்லாம் அதில் உண்டு. கோடுகளாலான ட, ப, ம, ய என்ற எழுத்துகளில் தொடங்குவது கைக்கும் கண்ணுக்கும் எளிது. ‘ட’ மேலிருந்து கீழே இறங்கி வலப்பக்கம் போகிறது. அதை மேலே ஏற்றினால் ‘ப’. அந்தக் கடைசிக் கோட்டை உள்பக்கமாக வளைத்தால் ‘ம’. ஒன்றிலிருந்து ஒன்று முளைப்பதைக் குழந்தையே பார்த்துவிடும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்த அன்றே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்களைப் படித்துவிடலாம். பிறகு க, த, ந, ர, ல, வ, ய சேர்ந்தால் கடல், பகல், நகம், மரம், வயல் எல்லாம் வந்துவிடும். ‘மலர் மலர்ந்த வயல்’ என்பதில் ஒரு துணை எழுத்துகூட இல்லை, கவனித்தீர்களா? இரண்டே மாதத்தில் ஒரு முழுத் தொடரைப் படித்துவிட்டோம் என்ற பெருமை குழந்தைக்குக் கிடைக்கிறது. உயிரெழுத்துகளை ஆறுமாதம் ஒப்பிக்கும் குழந்தைக்கு ‘ஆ’, ‘ஈ’ தவிரப் படிக்க ஒரு சொல்லும் கிடைப்பதில்லை.

தன் பெயரை எழுத ஆசைப்பட்டால் மட்டும் எந்த வரிசையும் பார்க்க வேண்டாம். பெயரில் ‘ஜ’வோ ‘ஷ’வோ இருந்தாலும் சரி, சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

5. “ப... ட... ம்னு தனித்தனியாச் சொல்றான். சேர்த்து ‘படம்’னு சொல்ல வரலை.”

முதலில் நீங்கள் புள்ளி எழுத்தை எப்படிச் சொல்லித்தந்தீர்கள் என்று பாருங்கள். ‘இம்’ என்று சொல்லித்தந்திருந்தால், குழந்தை ‘ப-ட-இம்’ என்று சேர்த்து ‘படயிம்’ என்றுதான் வந்து நிற்கும். தப்பு குழந்தையுடையது இல்லை. இக், இங், இச் என்பவை எழுத்தின் பெயர்கள், படிக்கும்போது வேண்டியது ஒலி மட்டும். ‘ம்’ என்று வாயை மூடி முனகிக் காட்டுங்கள். ‘ல்’, ‘ன்’, ‘ர்’ ஆகியவற்றையும் இழுத்துச் சொல்லலாம். க், ட், ப் போன்றவற்றை இழுக்க முடியாது. அவற்றை முந்தைய எழுத்தோடு ஒட்டியே சொல்லுங்கள்: ‘பட்’, ‘பக்’.

அடுத்தது இடைவெளி. எழுத்துக்கு எழுத்து மூச்சு விட்டுச் சொன்னால் மூன்றாவது எழுத்துக்கு வருவதற்குள் முதலாவது மறந்துவிடும். ‘பல், கல், கண், மண்’ என்று இரண்டெழுத்துச் சொற்களில் தொடங்கி, குரலை அறுக்காமல் நகரச் சொல்லுங்கள். எழுத்தே இல்லாமல் காதாலும் பழகலாம்: “நான் மெதுவாச் சொல்றேன், என்னன்னு கண்டுபிடி: க...டல்.” இது வரவில்லை என்றால் எழுத்தில் இன்னும் வராது, முதல் பதிலில் சொன்ன விளையாட்டுகளுக்கே கொஞ்ச நாள் திரும்பிப் போங்கள். பக்கத்தில் உள்ள படத்தைப் பார்த்து ஊகிக்க விடாதீர்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கஷ்டம்.

6. “கா, கி, கு, கெ... இந்தக் குறிகளை எந்த வரிசையில சொல்லித்தரலாம்?”

துணைக்கால் முதலில், எழுத்துக்குப் பிறகு வருவதால் சிக்கலே இல்லை. ‘அம்மா’, ‘அப்பா’, ‘வா’, ‘பால்’ எல்லாம் உடனே கைக்கு வரும். அடுத்து கி, கீ. குறிலும் நெடிலும் சேர்ந்தே போகட்டும்: ‘படம்–பாடம்’, ‘மலை–மாலை’ என்று சொல்லி, நீட்டினால் பொருளே மாறுவதைக் காட்டுங்கள்.

கெ, கே, கை வரும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய கண் அங்கே தடுமாறும். ஒரு அட்டையில் ‘க’, இன்னொன்றில் கொம்பு என்று வைத்து நகர்த்திக் காட்டினால் இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்து என்பது பிடிபடும். கொ, கோ இரு பக்கமும் அணைப்பவை, கடைசியில் வரட்டும். ஔகாரம் அரிது, அவசரமில்லை.

உகரத்துக்கு ஒரே குறி கிடையாது, ஆனால் குடும்பங்கள் உண்டு. சு, பு, யு, வு ஆகியவற்றில் கோடு நேராகக் கீழே இறங்குகிறது. து, நு, லு, று, ணு, னு என்பவை வலப்பக்கம் வளைந்து மேலே ஏறுகின்றன, இவற்றோடு துணைக்கால் போட்டால் தூ, நூ, லூ என்று நெடில் ஆகிவிடும். கு, டு, மு, ரு, ழு, ளு கீழே சுற்றி வளைகின்றன. கூ, சூ இரண்டும் தனி ரகம். குடும்பம் குடும்பமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லோடு பழக்குங்கள். 18 எழுத்தையும் ஒரே மூச்சில் கொடுத்தால் எல்லாம் கலந்துவிடும்.

7. “‘மகன்’, ‘தங்கம்’, ‘பக்கம்’ மூணுலயும் ‘க’ வேற வேற மாதிரி ஒலிக்குது. குழந்தைக்கு எப்படி விளக்குறது?”

விளக்க வேண்டியதே இல்லை, பெரும்பாலும். எழுத்து நிற்கும் இடமே ஒலியை முடிவு செய்கிறது. சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் அழுத்தமாக ஒலிக்கும் (கல், பக்கம்). மெல்லினத்துக்குப் பின் அதிர்ந்து ஒலிக்கும் (தங்கம்). இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவே மெலியும் (மகன்). ச, ட, த, ப ஆகியவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்: பத்து, பந்து, காது என்று சொல்லிப் பாருங்கள். தமிழ் பேசும் குழந்தையின் வாய் இதை ஏற்கெனவே சரியாகத்தான் செய்கிறது.

‘தங்கம்’ என்பதை அழுத்தமான ‘க’ போட்டுப் படித்தால், “அப்படி ஒரு சொல் கேட்டிருக்கியா?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது முறை தானே திருத்திக்கொள்ளும். ‘குணம்’, ‘தானம்’ போல வேறு மொழியிலிருந்து வந்த சொற்கள் இந்த ஒழுங்குக்குள் வராது. அவற்றைக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

8. “கதைப் புத்தகத்தை வரி மாறாம ‘படிக்கிறா’. ஆனா பாக்கிறது புத்தகத்தை இல்ல, என் முகத்தை. இது படிப்பா, மனப்பாடமா?”

மனப்பாடம்தான். தடுக்காதீர்கள், கதையின் மேல் உள்ள பிரியம் அது. ஆனால் அதைப் படிப்பு என்று கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம். சொல்லுக்குச் சொல் விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டிக் கேளுங்கள். இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமா? ‘மடல’, ‘தபிலு’, ‘கோணாம்’ என்று பொருளே இல்லாத சொற்களை எழுதி, “இது ஒரு பூதத்தோட பேரு, என்ன பேரு சொல்லு” என்று கேளுங்கள். ஊகிக்க வழியே இல்லாததால், எழுத்தைச் சேர்த்துப் படிக்கத் தெரிகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். குழந்தைகளுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கிறது என்பது உபரி.

9. “பென்சிலை முழுக் கையாலயும் பிடிக்கிறான். எத்தனை தடவை மாத்தினாலும் பழையபடிதான்.”

பெருவிரலும் சுட்டுவிரலும் பிடிக்க, நடுவிரல் தாங்க என்கிற மூன்று விரல் பிடிப்பு நிலைப்படுவதற்கு ஐந்து ஆறு வயதுகூட ஆகலாம். நீள பென்சிலைக் கொடுத்து விரலைத் திருத்துவதைவிட, சின்னத் துண்டாகக் கொடுங்கள். விரல் நீளத்துக்கும் குறைவான பென்சிலையோ உடைந்த மெழுகுக் கட்டியையோ முஷ்டியால் பிடிக்கவே முடியாது. களிமண் பிசைவது, காகிதம் கிழிப்பது, துணிக் கிளிப்புகளை மாட்டிக் கழற்றுவது எல்லாம் விரலுக்கு வலு தரும். சுவரில் மாட்டிய பலகையில் எழுதினால் மணிக்கட்டு தானாகவே சரியான கோணத்துக்கு வரும்.

உட்காரும் விதத்தையும் பாருங்கள். கால் தரையில் படாமல் தொங்கினால், மேசை மார்பளவு உயரமாக இருந்தால், எந்தக் கையெழுத்தும் கோணலாகத்தான் வரும். காலடியில் ஒரு பலகை போட்டாலே பாதி சரியாகிவிடும்.

10. “ஒரு எழுத்தைப் பத்துப் பத்துத் தடவை எழுத வைக்கிறோம். கையெழுத்து இன்னும் மோசமாகுதே?”

பத்தாவது எழுத்தை முதல் எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், காரணம் தெரியும். கை அசந்த பிறகு எழுதுவதெல்லாம் கோணல் வடிவத்துக்கான பயிற்சி. நான்கு முறை போதும். அதில் எது நன்றாக வந்திருக்கிறது என்று குழந்தையையே வட்டமிடச் சொல்லுங்கள். தன் எழுத்தைத் தானே எடைபோடும் கண் வந்துவிட்டால் உங்கள் வேலை பெருமளவு முடிந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் தாராளம்.

எழுதி முடித்த எழுத்தை மட்டும் பார்க்காமல், எழுதும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். ‘ப’வை மூன்று தனிக் கோடுகளாக, அதுவும் கீழிருந்து மேலாகப் போட்டாலும் முடிவில் ‘ப’ மாதிரிதான் இருக்கும். வேகமாக எழுத வேண்டிய வகுப்பில்தான் அது காலை வாரும். எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் போவது, எப்போது கையை எடுப்பது ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே சரியாகிவிட வேண்டும். புள்ளி வைத்த எழுத்துகளின் மேல் எழுதும் பயிற்சி நூல்களில் குழந்தை புள்ளியிலிருந்து புள்ளிக்குத் தாவுகிறது, எழுத்தின் ஓட்டம் கைக்கு வருவதில்லை. தொடக்கப் புள்ளி ஒன்றும் திசைக்கு ஓர் அம்புக்குறியும் வைத்தால் போதும். திறன்பேசித் திரையில் விரலால் எழுதுவது உருவத்தை நினைவில் வைக்க உதவலாம், பென்சிலுக்கு அது மாற்று ஆகாது.

அழிப்பானை எடுத்து ஒளித்து வையுங்கள். இதில் என் கருத்தை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் எழுதுவதைவிட அழிப்பதில் அதிக நேரம் செலவழிக்கும் குழந்தைகளை நிறையப் பார்க்கலாம்.

11. “இடது கையால எழுதுறா. மாத்தணுமா?”

மாற்ற வேண்டாம். தாளின் மேல்பக்கம் கொஞ்சம் வலப்புறம் சாயும்படி வையுங்கள், எழுதியதைக் கை மறைக்காது. பென்சிலை முனையிலிருந்து சற்று மேலே தள்ளிப் பிடிக்கட்டும். வெளிச்சம் வலப்பக்கமிருந்து வந்தால் நல்லது. வலது கைக்காரரோடு பக்கத்தில் உட்கார்ந்தால் இவள் இடப்புறம் இருக்க வேண்டும், இல்லையென்றால் முழங்கைகள் இடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் எல்லாக் குழந்தைகளுக்கும் போலத்தான்.

12. “எழுத்தைத் திருப்பிப் போடுறான். சில எழுத்துகளைக் குழப்பிக்கிறான். பயப்படணுமா?”

கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவது ஏழு வயது வரை சகஜம், மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் போதும். தமிழில் ஆங்கிலத்தின் b, d சின்ன எழுத்துகள் போல ஒன்றின் கண்ணாடிப் பிம்பமாக இன்னொன்று இருக்கும் தொல்லை குறைவு. இங்கே குழப்பம் வேறு விதம்: ப–ம–ய, எ–ஏ, ஒ–ஓ, ன–ண. இரண்டு சுழி ‘ன’, மூன்று சுழி ‘ண’ என்று சுழியை எண்ண வைப்பது பழைய வழி, இன்றும் அதைவிட நல்ல வழி கிடையாது.

‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரிவதால் ‘மரம்’ என்பதை ‘மாம்’ என்று படிக்கும் குழந்தைகள் உண்டு. ‘ர’வின் கீழே சாய்ந்த கால் இருப்பதைக் காட்டி, எழுதும்போது அதைக் கொஞ்சம் தூக்கலாகவே போடச் சொல்லுங்கள்.

13. “ந, ன, ண... எனக்கே தடுமாறுது. இதுல எப்படிச் சொல்லித்தர்றது?”

இடம் பார்த்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சொல்லின் தொடக்கத்தில் வருவது ‘ந’. தமிழ்ச் சொல் எதுவும் ன, ண இரண்டிலும் தொடங்குவதில்லை. ‘த’வுக்கு முன் ந் (பந்து), ‘ட’வுக்கு முன் ண் (வண்டு), ‘ற’வுக்கு முன் ன் (கன்று). இவை பிரியாத ஜோடிகள். ங்க, ஞ்ச, ம்ப என்பவையும் அப்படியே. ஆறு ஜோடிகளையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

மிச்சம் இருப்பது சொல்லின் நடுவிலும் கடைசியிலும் ன–ண. மனம்–மணம், பனி–பணி என்று நாக்கு மேலண்ணத்தில் வளைவதைச் சொல்லிப் பழக வேண்டியதுதான். சொல்லின் நடுவே ‘ந’ வருவது ‘அநீதி’ போன்ற சிலவற்றில் மட்டும், அவற்றை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

14. “சரி, ல–ள–ழ, ர–ற?”

காதும் நாக்கும் முதலில். ‘ல’வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும், ‘ள’வுக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடும், ‘ழ’வுக்கு வளைந்தும் தொடாமல் நிற்கும். வீட்டில் எல்லாரும் ‘பளம்’ என்று சொன்னால் குழந்தை ‘பளம்’ என்றுதான் எழுதும். படித்துக் காட்டும்போதாவது ஒலியைத் திருத்தமாகச் சொல்லுங்கள்.

சில இடங்களில் ஒழுங்கு கைகொடுக்கும். பன்மை விகுதி ‘கள்’ எப்போதும் ள். ‘அவள், வந்தாள்’ எல்லாம் ள். ‘ழ்’ இரட்டிக்காது, ஆகவே ‘வெள்ளம்’, ‘பள்ளம்’ என்று இரட்டித்தால் ‘ழ’வை யோசிக்கவே வேண்டாம். தமிழ்ச் சொற்களில் ‘ர’ இரட்டிக்காது, இரட்டிப்பது ‘ற’ (காற்று, வெற்றி). சொல் ‘ற்’ என்று முடியாது. இன்னொன்று, பெரியவர்களுக்கும் உதவும்: ‘ற்’ வந்தால் அடுத்து இன்னொரு ஒற்று வராது. ‘முயற்சி’ சரி, ‘முயற்ச்சி’ தவறு. ‘ர்’ஐத் தொடர்ந்து ஒற்று வரலாம்: பார்க்க, வளர்ச்சி. இதெல்லாம் ஏழு எட்டு வயதுக்கான சமாசாரம். ஐந்து வயதுக் குழந்தைக்கு விதி சொல்லாதீர்கள், சொல்லைப் பல தடவை கண்ணில் காட்டுங்கள்.

15. “பேசுற மாதிரியே எழுதறா: ‘எலை’, ‘ஒடம்பு’, ‘மரோ’. திட்டலாமா, விடலாமா?”

திட்ட வேண்டாம், உள்ளுக்குள் மகிழலாம். கேட்ட ஒலியைத் துல்லியமாக எழுத்தாக்கியிருக்கிறாள். ஒலியும் எழுத்தும் இணைந்துவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பேச்சில் நாம் உண்மையிலேயே ‘எலை’ என்றுதான் சொல்கிறோம்.

இதில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. அடுத்த எழுத்தில் அ-வோ ஐ-யோ வந்தால், முன்னால் உள்ள இ பேச்சில் எ ஆகிறது, உ ஒ ஆகிறது: இலை–எலை, விலை–வெலை, நிலம்–நெலம், குடம்–கொடம், புகை–பொகை, உடம்பு–ஒடம்பு. அதனால் ‘எ, ஒ’ ஒலியில் தொடங்கும் சொல் வந்தால் “புத்தகத்துல எப்படி இருக்கும்?” என்று கேட்டுப் பழக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடவும் கூடாது, ‘கொடை’ என்று வேறு சொல்லே இருக்கிறதே. “இது பேச்சு, இது எழுத்து” என்று இரண்டையும் மதித்துச் சொல்லுங்கள். பேச்சை மட்டமென்று காட்டினால் குழந்தை எழுதவே தயங்கும்.

தினமும் சத்தமாகப் படித்துக் காட்டுவதுதான் நிரந்தர மருந்து. எழுத்துத் தமிழ் காதில் விழாத குழந்தை அதை எழுதுவது எப்படி? புத்தகத்தில் ‘வந்தான்’ என்று இருந்தால் ‘வந்தான்’ என்றே படியுங்கள். பேச்சுக்கு மாற்றிச் சொல்ல ஆசை வரும், கதையை ஒருமுறை சொல்லிவிட்டுப் பிறகு அப்படிச் செய்துகொள்ளுங்கள்.

16. “சொல்வதை எழுதுதல் வச்சா பாதிக்குமேல தப்பு. எப்படித் திருத்துறது?”

சொற்கள் அதிகமாக இருக்கும். ஐந்து சொல் கொடுங்கள், அதில் மூன்று ஏற்கெனவே தெரிந்தவையாக இருக்கட்டும். எழுதுமுன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, துண்டு துண்டாகத் தட்டி, பிறகு எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது ஒற்றுதான்: ‘பட்டம்’ ‘படம்’ ஆகிவிடும். அந்த இடத்தில் குரல் ஒரு கணம் நின்று போவதைக் காட்டினால் காது பிடித்துக்கொள்ளும்.

‘பள்ளம்’ என்பதை ‘பல்லம்’ என்று எழுதினால் முழுச் சொல்லையும் சிவப்பால் அடிக்காதீர்கள். நான்கு எழுத்தில் இரண்டு சரி என்று காட்டிவிட்டு, அந்த ‘ள்ள’வை மட்டும் பேசுங்கள். அப்புறம் சரியான சொல்லைப் பார்க்க விட்டு, மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுத வையுங்கள். பார்த்துப் பார்த்து இருபது முறை எழுதுவதைவிட மூடிவைத்து இரண்டு முறை எழுதுவது மனதில் நிற்கும். ஒரு நாளில் ஒரு வகைத் தவறை மட்டும் திருத்துங்கள், கோணல் கையெழுத்தை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

17. “ஆங்கில ஃபோனிக்ஸும் சேர்த்து ஆரம்பிச்சா குழம்பிடுவானா?”

குழம்ப மாட்டான். ஆனால் ஒரே வாரத்தில் இரண்டையும் தொடங்காதீர்கள். எழுத்தைச் சேர்த்தால் சொல் வரும் என்கிற சூட்சுமம் ஒரு மொழியில் பிடிபட்டால் அடுத்ததில் மறுபடி கற்க வேண்டியதில்லை. தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பதால் அதில் தொடங்குவது எளிது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதுகிறார்கள், நேரம் எடுக்கத்தான் செய்யும்.

தமிழ்க் குழந்தைகளுக்கு அங்கே இரண்டு இடங்களில் இடறும். ஒன்று, எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு: ‘எஸ்’ என்பது பெயர், ‘ஸ்’ என்பது ஒலி. ஐந்தாவது பதிலில் பார்த்த ‘இம்’ சிக்கல்தான் இது. ‘ப’ என்று உயிரைச் சேர்க்காமல் ‘ப்’ என்று நறுக்கிச் சொல்லப் பழக்குங்கள். அதற்கு நம் புள்ளி எழுத்து நல்ல துணை. இரண்டு, நமக்கு ஒரே ‘ப’வாக இருப்பது அங்கே p, b என்று இரண்டு எழுத்து. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லச் சொன்னால், ஒன்றில் அதிர்வு இருப்பதும் மற்றதில் இல்லாததும் கைக்கே தெரியும். க, ட, த ஆகியவற்றுக்கும் இதையே செய்யலாம்.

18. “எல்லாம் செஞ்சு பாத்தாச்சு. ஏழு வயசாகியும் திணறுறான். சோம்பேறித்தனமா?”

சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குக் காதில் நீர் கோத்து ஒலி மங்கிக் கேட்கலாம், வீட்டில் யாருக்கும் தெரியவே தெரியாது. ல–ள வேறுபாடு கேட்காத காதுக்கு எந்தப் பயிற்சியும் உதவாது.

அவை சரியாக இருந்தும், ஒரே எழுத்து நேற்றுத் தெரிந்து இன்று மறந்துபோவது, முதல் பதிலில் சொன்ன ஒலி விளையாட்டுகள்கூட வராமல் இருப்பது, வாயால் அருமையாகக் கதை சொல்பவன் இரண்டு வரி எழுதத் திணறுவது, குடும்பத்தில் வேறு யாருக்கும் படிப்பதில் இதே சிரமம் இருந்தது என்றால், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடா என்று அதற்கான நிபுணரிடம் காட்டிவிடுங்கள். அறிவுத் திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சீக்கிரம் தெரிந்தால் சரியான பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கலாம். அதுவரை சத்தமாகப் படித்துக் காட்டுவதை நிறுத்த வேண்டாம். தன்னால் படிக்க முடியாத கதைகளையும் அவன் கேட்க வேண்டும்.

19. “தாத்தா ‘லை’, ‘னை’, ‘றா’ எல்லாம் வேற மாதிரி எழுதிக் காட்டுறார். எது சரி?”

இரண்டும் சரிதான். தாத்தா எழுதுவது பழைய வடிவம். யானைத் தும்பிக்கைபோல் முன்னால் வளைந்த ஐகாரக் குறி ண, ல, ள, ன ஆகிய நான்குக்கும் இருந்தது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் எல்லாம் துணைக்கால் இல்லாமல் சுழித்து எழுதப்பட்டன. தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது இந்த 13 எழுத்துகளும் மற்ற எழுத்துகளைப் போலவே குறி பெற்றன. குழந்தை கற்க வேண்டியது இன்றைய வடிவத்தை. எழுதிப் பழகும் முதல் ஓராண்டு தாத்தா பழைய ‘லை’யைக் காட்டாமல் இருந்தால் நல்லது. சரளமாகப் படிக்க வந்த பிறகு அவரே உட்கார்ந்து காட்டட்டும், வீட்டில் பழைய புத்தகம் இருந்தால் அதை வைத்தே காட்டலாம்.